எழுபது சதச் சோறு: அந்தக் காலச் சாப்பாடு பற்றி உங்கள் அனுபவம்?

கொட்டகலைப் பேத்தி:
அட்டனில் ஒரு கல்யாணம். எங்கள் அம்மாயிக்குப் பக்கத்தில், மேடையேறி வாழ்த்திப் பேசிவிட்டு வந்த ஒரு அரசியல் பெரியவர். பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார். அம்மாயி அவர் கையைப் பிடித்து இழுத்து, "தம்பி, இது எழுபது சதம்" என்றார். அவர் சிரித்தார், அம்மாயியோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார், போய்விட்டார். 1953 கதை உங்களுக்குத் தெரியும்தானே: இலங்கையில் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கொடுத்த அரிசி ஒரு கொத்து அளவு 25 சதத்திலிருந்து 70 ஆனது, ஆகஸ்ட் 12 ஹர்த்தால் என்ற கடையடைப்புப் போராட்டம், அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்காத அம்மாயி அந்த ஆளிடம் போய் ஏன் சொன்னார் என்பதுதான் இன்னும் மண்டையைக் குடைகிறது.

அப்பு மகன்:
டட்லிக்கு அப்புறம் பிரதமராக வந்தவர் சர் ஜோன் கொத்தலாவல. கந்தவளை வீட்டில் அவர் கொடுத்த காலை ஆப்ப விருந்துகள் ஊரறிந்தவை. "சோறு கவிழ்த்த நாற்காலியில ஆப்பம் உட்கார்ந்துச்சு" என்பார் அப்பா. அப்பா லிந்துலைப் பக்கம் தோட்டத் துரையின் பங்களாவில் அப்பு, அதாவது சமையல்காரர். ஒருநாள் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் பேச்சுவார்த்தைக்கு வந்தாராம். துரைசாணி சான்ட்விச்சும் பீங்கான் கோப்பையில் பால் டீயும் வராந்தாவுக்கு அனுப்ப, மனுசன் தொடவே இல்லை. திரும்பும்போது பின்பக்கமாகக் குசினி வாசலுக்கு வந்து, "அப்பு, ஒரு சாயத்தண்ணி" என்று பாலில்லாத தேநீரைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கி நக்கிக் குடித்தாராம். துரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரி துரை அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அப்பாவுக்குப் பயம்.

பண்டாரவளை:
எல்லாரும் 1953, 1953 என்கிறீர்கள். சோறு குறைந்தது அதற்கு முன்பே. 1942ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனது, அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீடு வந்தது, கோதுமை மா தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் நுழைந்தது. அதோடு தோட்டத்தில் அரிசியைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடிப்பார்கள். செக்ரோலில், அதாவது வேலைநாள் பதியும் புத்தகத்தில், பேர் குறைந்த மாதம் கையில் என்ன மிஞ்சும்? டவுன் கணக்கைத் தோட்டத்தின் மேல் போடாதீர்கள். என் அனுபவம் சின்னது: எங்கள் தாத்தா விருந்து வீட்டிலும் ரொட்டிதான் கேட்பார். சோறு "செரிக்காது" என்பார்.

கொட்டகலைப் பேத்தி:
அம்மாயி டவுன் கடைத்தெருவில் வளர்ந்தவர்தான். பள்ளிக்கூட மதியச் சாப்பாடும் அரிசி விலை ஏற்றிய அதே 1953 பட்ஜெட்டில் நின்றது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியா அக்கா:
தாத்தாவுக்கு ரொட்டி கொடுக்கிற தம்பிக்கு: வெறும் கோதுமை மாவில் சுடாதீர்கள். பாதிக்குக் குரக்கன் (கேழ்வரகு) மா, ஒரு கை தேங்காய்ப்பூ. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆறியதும் கல்லாகிவிடும், கொதித்த தண்ணீரில் பிசைந்து துணி போட்டு அரைமணி நேரம் மூடிவையுங்கள். பல் இல்லாதவர்களுக்கு மெல்லிசாகத் தட்டி, சுட்டதும் பருப்புக் கறியில் ஊறவிடுங்கள். கட்டச் சம்பலில் மிளகாயைக் குறைத்து வெங்காயத்தைக் கூட்டுங்கள், மாசிக் கருவாட்டை நன்றாக இடியுங்கள். எங்கள் மாமியார் தினமும் இதுதான், பிரஷர் கூட இறங்கியிருக்கிறது.

பண்டாரவளை:
அக்கா, தாத்தா இறந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

நுவரெலியா அக்கா:
அப்படியா. சரி, வேறு யாருக்காவது உதவும்.