புதுப்பிப்பு: குளுக்கோஸைக் குடித்தால் இன்சுலின் ஏன் கூடுதலாகச் சுரக்கிறது?

முந்தைய இழையில் கேட்டிருந்தேன்: ரத்தச் சர்க்கரை ஒரே அளவுக்கு ஏறினாலும், குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவதைவிட வாயால் குடிக்கும்போது இன்சுலின் அதிகம் சுரப்பது ஏன்? "குடல் ஹார்மோன்களைப் பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள், நன்றி. அந்தத் துப்பைப் பிடித்துப் படித்ததில் கிடைத்தது இது.

வாயால் குடிக்கும்போது குடலிலிருந்து வரும் ஜிஐபி, ஜிஎல்பி-1 என்ற இரண்டு ஹார்மோன்களும்தான், இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களை முடுக்கிவிடுகின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் இந்த உதவி வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

சரி, ஜிஎல்பி-1-ஐயே ஊசியாகப் போடலாமே? அங்கேதான் சிக்கல். டிபிபி-4 என்ற நொதி, அதன் நுனியில் இரண்டாவதாக உள்ள அலனின் என்ற அமினோ அமிலத்தை அடுத்து வெட்டிவிடுகிறது. ஓரிரு நிமிடங்களில் பாதி செயலிழந்துவிடும். கீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் நஞ்சில் ஜான் எங் கண்டறிந்து 1992-இல் வெளியிட்ட எக்செண்டின்-4, ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும்; ஆனால் அதில் அதே இடத்தில் கிளைசின் என்ற வேறு அமினோ அமிலம் இருக்கிறது. அதை அந்த நொதியால் எளிதில் வெட்ட முடிவதில்லை. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதில் இவ்வளவு வித்தியாசம்! படித்துவிட்டு வெகுநேரம் வியந்துகொண்டிருந்தேன். அதன் செயற்கை வடிவமான எக்செனடைடுக்கு நீரிழிவு மருந்தாக 2005-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னால் வந்த, இதே வகை மருந்தான செமாகுளுடைடில் ஒரு கொழுப்பமிலச் சங்கிலியும் உண்டு. அது ரத்தத்திலுள்ள ஆல்புமினைப் பற்றிக்கொள்வதால் வாரம் ஒரு ஊசி போதும்.

அப்புறம், சர்க்கரை தாழ்ந்துவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். சர்க்கரை உயர்ந்திருக்கும்போதுதான் இந்த மருந்துகள் இன்சுலினைத் தூண்டும் என்பதால், தனியாக எடுத்தால் அந்த ஆபத்து குறைவு. இன்சுலினோடோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரையோடோ சேர்த்தால் கூடும். அளவை மருத்துவரிடம் கட்டாயம் பேசிக்கொள்ளுங்கள்.