ஒரு எண்ணை அடித்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பீஸ் ரேட் சம்பளம் கைக்குப் போயாக வேண்டும். எக்செல் 2003-ல் போட்ட ஷீட் பல வருடம் மக்கர் பண்ணாமல் ஓடியது. சிஸ்டம் மாற்றி எக்செல் 2016 போட்டோம். இரண்டே வாரத்தில் தலைப்பில் சொன்ன நிலை; ஷீட் அவ்வளவு மெதுவாகிவிட்டது.

கம்ப்யூட்டருக்கு ராம் மெமரி கூட்டலாமா என்று கேட்டேன். "இருக்கறதே போதுமப்பா" என்றார் முதலாளி. அப்புறம் யாரோ சொன்னபடி கணக்கீட்டை மேனுவலுக்கு, அதாவது எஃப்9 அழுத்தினால் மட்டும் கணக்குப் போடும்படி மாற்றினேன். பறந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை பீஸ்களை ஏற்றிவிட்டு எஃப்9 அழுத்த மறந்து, பட்டியலை அப்படியே பிரிண்ட் எடுத்துவிட்டேன். ஓவர்லாக் அடிக்கிற அக்கா கவரை எண்ணிப் பார்த்து, "ஏனுங் தம்பி, வெள்ளிக்கெழம நான் வேலைக்கு வரலீங்களா?" என்றார். 140 கவரையும் பிரித்துத் திரும்பப் போட்டு முடிக்க ராத்திரி பதினொன்று.

குற்றவாளி நான்தான். 2003-ல் சம்புராடக்டுக்குள் (SUMPRODUCT, பெருக்கிக் கூட்டும் ஃபார்முலா) முழு நெடுவரிசையைக் கொடுத்தால் பிழை காட்டும்; அதனால் 2,000 வரி வரைக்கும் என்று எல்லை போட்டிருந்தேன். புதியதில் ஏ:ஏ என்று முழு நெடுவரிசையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறதே என்று குஷியில் எல்லாவற்றையும் மாற்றி வைத்தேன். பழைய ஷீட்டுக்கு 65,536 வரி. 2007-லிருந்து 10,48,576. 140 பேர், ஆறு நாள், 840 ஃபார்முலா. ஒரு எண்ணை அடித்தால் 88 கோடி வரியைத் தடவிவிட்டு வருகிறது, பாவம்.

இப்போது அதற்குப் பதில் சம்இஃப்ஸ் (SUMIFS, நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் ஃபார்முலா). முழு நெடுவரிசை கொடுத்தாலும் அது தகவல் இருக்கிற இடத்தோடு நின்றுவிடும். மேனுவலையும் எடுத்துவிட்டேன். அந்த அக்கா மட்டும் இன்னமும் என் கண்ணெதிரேதான் கவரை எண்ணுகிறார்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்:
எங்கள் மஞ்சள் குடோன் கணக்கில் வேறு கூத்துங்க. பழைய வருடத்து ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் இழுக்கும். பார்க்க மட்டும்தானே திறக்கிறோம் என்று, மூடும்போது "சேமிக்கவா?" என்றால் தினமும் வேண்டாம் என்பேன். பழைய வெர்ஷனில் சேமித்த ஃபைலைப் புதியது திறந்தால் மொத்தக் கணக்கையும் முதலிலிருந்து போடுமாம். சேமிக்காததால் தினமும் அதே வேலை. ஒரே ஒரு தடவை சரி என்று அழுத்தினேன், தீர்ந்தது.

நான்:
ஒரு சீசன் முழுக்க வேண்டாம் சொன்னீங்களாக்கும்?

ஈரோட்டுக்காரர்:
ரெண்டு சீசனுங்க.