கதை அனுப்பி எட்டு மாசம்: யாராவது வழி சொல்லுங்க

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். கோவில்பட்டி பக்கம் ஒரு நூற்பாலையில ஷிப்ட் வேலை. வயசு 34. நாலு வருசமா சிறுகதை எழுதுறேன், பதினோரு கதை கையில இருக்கு. அதுல ரெண்டுதான் தேறும்னு எனக்கே தெரியும்.

அந்த ரெண்டுல ஒண்ணை ஒரு மாத இதழுக்கு அனுப்பி எட்டு மாசம் ஆச்சு. பதில் இல்ல. வேற இதழுக்கு அனுப்பலாமா? ரெண்டுலயும் வந்துட்டா என் பேரு கெட்டுப்போகுமேன்னு பயமா இருக்கு. முதல்ல அனுப்புனவங்களுக்கு ஒரு கடிதம் போட்டுட்டு அனுப்புனா போதுமா?

இன்னொரு தலைவலி. பழைய கதை ஆறும் டிடிபி கடையில பாமினிங்கிற பழைய எழுத்துருவில அடிச்சது. போன்ல திறந்தா வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமா தெரியுது. இதழ்காரங்க எல்லாப் போன்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடுதான் கேக்குறாங்க. மாத்துனா கொம்பும் காலும் இடம் மாறி நிக்குது. சரியா மாத்துற வழி யாருக்காவது தெரியுமா? திரும்ப அடிக்க நைட் ஷிப்ட் விடல.

பேஸ்புக்ல போட்ட கதையை இதழ்கள் 'ஏற்கனவே வெளிவந்தது'ன்னு தள்ளிருவாங்களா?

எங்க பக்கத்து ஊர் இடைசெவல் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) 1923ல பிறந்தவர், அவரோட முதல் கதை 'மாயமான்' சரஸ்வதி இதழ்ல வந்தது 1958ல. அந்தக் கணக்கைச் சொல்லித்தான் வீட்டுல சமாளிக்கிறேன். அடுத்த வருசம் அதுவும் செல்லாது.

ஒரு கதையை மட்டும் தாட்சண்யம் பாக்காம படிச்சுச் சொல்ல யாராவது வருவீங்களா? ஏழு பக்கம்தான்.