பின்னணிப் பாடலிலிருந்து குரலைப் பிரித்தெடுக்க உதவி தேவை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் தேக்காவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் நெடுங்காலமாகத் தொழில் செய்துவரும் நம்மவர்களின் அனுபவங்களை, நானும் என் தங்கையும் எங்கள் சேமிப்பைக் கொண்டு குறுங்காணொளிகளாக எடுத்து இணையத்தில் வெளியிட்டு வருகிறோம்.

சென்ற மாதம் பூக்கட்டும் அம்மா ஒருவரிடம் பேசினோம். மல்லிகையை நாரில் இறுக்கிக்கொண்டே அவர் மறைந்த தம் கணவரை நினைவுகூர்ந்த அந்த 5 நிமிடங்களிலும் கடை வானொலியில் பழைய திரைப்பாடல் ஒன்று ஒலித்துக்கொண்டிருந்ததால், காணொளியைப் பதிவேற்றியதும் பாடலுக்கான உரிமைக்கோரல் வந்துவிட்டது. பாடலைக் குறைத்தால் அம்மாவின் குரலும் சேர்ந்து மங்குகிறது. குரலுக்குப் பழுதில்லாமல் இசையை மட்டும் நீக்க நீங்கள் எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள்? அந்தப் பேச்சை மீண்டும் பேசச் சொல்லி அவரிடம் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் படம்பிடிக்க நகர மன்றத்தின் அனுமதி தேவை என்பதால், எங்களைப் போன்ற சிறு குழுவினர் எத்தனை நாள் முன்னதாக விண்ணப்பித்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் நன்று. யூடியூபில் விளம்பர வருவாய் பெற 1,000 சந்தாதாரர்களும், நீள்காணொளிகளுக்கு 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதுவரை செலவை எவ்வாறு சமாளித்தீர்கள் என்றும் அறிய விரும்புகிறேன்.