கேரளத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்திருக்கிறேன்: இங்கே வேட்டைக்கு இடம் உண்டா?

காப்பித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வயநாட்டில் 14 ஆண்டுகள் வாழ்ந்த பின், மாமனாரின் காப்பித் தோட்டத்தைக் கவனிப்பதற்காகச் சென்ற மாதம் நாகலூர்ப் பக்கம் குடிவந்திருக்கிறேன். அங்கே பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்கு ஊராட்சி வைத்திருந்த பட்டியலில், உரிமத் துப்பாக்கி வைத்திருந்தவன் என்ற முறையில் என் பெயரும் இருந்தது. குளம்புத் தடத்தையும் பன்றி புரண்ட சேற்றையும் வைத்து அது வரும் வழியைக் கணித்து, விடிய விடியக் காத்திருந்த பழக்கத்தை எளிதில் விட முடியவில்லை. இங்கும் தோட்டம் காப்புக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மிளகுக் கொடிகளின் அடியைப் பன்றிகள் கிளறிப் போடுகின்றன. சேலம் மாவட்டத்தில் யாரிடம் அனுமதி பெற்று, எங்கே வேட்டைக்குச் செல்லலாம்? முயல், கவுதாரி போன்ற சிறு வேட்டைக்கேனும் இடம் உண்டா?

அடிவாரத்து விவசாயி எழுதியது:

ஐயா, முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991இல் திருத்தப்பட்டதிலிருந்து, உரிமம் பெற்று வேட்டையாடுவது என்பதே நாட்டில் எங்கும் கிடையாது. முயலும் கவுதாரியும் பாதுகாக்கப்பட்டவை; ஏர்கன் வைத்துச் சுட்டாலும் அது வேட்டைதான். உங்கள் தோட்டத்துக்குள் வரக்கூடிய காட்டுமாடு அச்சட்டத்தின் முதல் பட்டியலில் (மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற விலங்குகளின் பட்டியல்) இருப்பதால், அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

வயநாட்டில் நீங்கள் செய்தது வேட்டை அன்று. அது பயிர்ப் பாதுகாப்புக்கான விதிவிலக்கு. 2022இல் கேரள அரசு பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்ததால்தான் உங்களைப் போன்றவர்கள் அழைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் துப்பாக்கி வனத்துறையின் கையிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். அதற்கு அப்பால் மட்டுமே வனத்துறையினர் சுடலாம். உங்கள் தோட்டம் காட்டை ஒட்டியிருப்பதால் முதல் வளையத்துக்குள் வருகிறது. ஆகவே சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் வனச்சரக அலுவலகத்திலும் மனுக் கொடுத்து இழப்பீடு கேளுங்கள்.

எங்கள் மரவள்ளிக் காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டி வைத்திருக்கிறோம். அது சில மாதங்களுக்குத் தாங்குகிறது, பிறகு பன்றிகள் பழகிவிடுகின்றன. கம்பத்திலிருந்து நேராக மின்சாரம் இழுப்பதும், அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைப்பதும் மட்டும் வேண்டவே வேண்டாம். பன்றிக்கு வைத்தது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கொல்லும்.

இன்னொன்று, பன்றியைவிட அவசரமானது: துப்பாக்கி உரிமத்தில் குடியிருப்பு மாறியதைப் பதிந்துவிட்டீர்களா? ஏற்காடு சேலம் மாநகர எல்லைக்கு வெளியே இருப்பதால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமம் எந்த எல்லை வரை செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாழப்பாடிக்காரர் எழுதியது:

மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பக்கத்துச் சில ஊர்களில் பொங்கலின்போது வங்காநரியை வலை வைத்துப் பிடித்து வந்து, கோயிலைச் சுற்றி ஓடவிட்டு, மறுபடியும் காட்டில் விடும் வழக்கம் உண்டு. நரி முகத்தில் விழித்தால் ஆண்டு செழிக்கும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. கொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆயினும் சட்டத்தின் பார்வையில் பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை வைத்து வரவழைப்பது எல்லாமே வேட்டை என்பதால் வனத்துறை அபராதம் விதித்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கத்துக்கே இதுதான் நிலைமை என்றால், புதிதாக வந்த ஒருவர் பன்றிக்குக் கண்ணி வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். யாராவது "வாங்க, முயலடிக்கப் போகலாம்" என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

காவிரிக்கரை எழுதியது:

உங்கள் கேள்வியில் என்னைத் தொட்டது துப்பாக்கி அன்று. தடம் பார்த்துக் காத்திருக்கும் அந்தப் பொறுமை. தூண்டில் போட்டு மீன் பிடிப்பதற்கும் அதுதான் வேண்டும்; அதற்கு மேட்டூர் பொருத்தமான இடம். அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது; முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 120 அடி. நீர் நன்றாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அந்த நாள்களில் கரை வெகுதூரம் விலகிச் சேறாகிவிடுவதால் தனியாக இறங்காதீர்கள். அங்கே மீன் உரிமம் பெற்ற மீனவர்களின் பிழைப்பு என்பதால், மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டே தூண்டில் போடுங்கள். ஊர் ஏரிகளும் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பலர் மறுப்பதில்லை. மண்புழுவோ தவிட்டு உருண்டையோ போதும். கட்லா, ரோகு, ஜிலேபி கிடைக்கும்.

தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் வனத்துறைக்கும் தேவைப்படுகிறார்கள். ஆண்டுதோறும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். ஏற்காடு சரகத்தில் உங்கள் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

காப்பித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உரிமத்தில் குடியிருப்பு மாற்றத்தை நான் இன்னும் பதியவில்லை. வரும் திங்கட்கிழமை அதற்காகவே சேலத்துக்கு இறங்குகிறேன். மிளகுக் கொடிகளின் படங்களை எடுத்துவிட்டேன், மனுவையும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அடிவாரத்து ஐயாவிடம் ஒரு கேள்வி: சேலைகளைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கட்டினீர்கள்?