ரெண்டு கதவு ஜீப்பும் டியர்டிராப் ட்ரெய்லரும் – டென்வர் கேம்பிங் குழு

ஹரி, மாலை 6:12
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் ஃப்ரூட்டா பக்கம் சேடில்ஹார்ன் போறோம்ல, அதுக்கு டியர்டிராப் ட்ரெய்லர் (உள்ள படுத்துக்கற சின்ன கேம்பிங் ட்ரெய்லர்) ஒண்ணு வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கேன். காலி எடை 1,250 பவுண்டு, ஜிவிடபிள்யூஆர் (சாமானோட சேத்து அதிகபட்ச மொத்த எடை) 1,900. எலக்ட்ரிக் பிரேக் இருக்காம். வண்டி ரேங்லர் ஜேஎல், ரெண்டு கதவு, 3.6 லிட்டர் இன்ஜின், 2.5 இஞ்ச் லிஃப்ட் (வண்டியை உயர்த்தியிருக்கு), 35 இஞ்ச் டயர். ட்ரெய்லர் மாட்ட பின்னாடி 2 இஞ்ச் ரிசீவர் (சதுர ஓட்டை) இருக்கு. அப்படியே மாட்டிட்டுக் கிளம்பிடலாமா?

பிரகாஷ், மாலை 6:15
தாராளமா. ஹெவி ஸ்பிரிங் போட்டிருக்கேல்ல, 3,500 கூட இழுக்கும்.

முரளி, மாலை 6:21
இல்ல பிரகாஷ். 3,500 நாலு கதவு வண்டிக்கு. ரெண்டு கதவுக்கு கம்பெனி சொல்ற அளவு 2,000 பவுண்டு, பால் (ball, ட்ரெய்லர் மூக்கு உட்கார்ற இரும்புக் குண்டு) மேல இறங்கற எடை 200. ஸ்பிரிங் மாத்தினா, லிஃப்ட் வச்சா இது ஏறாது. சொல்லப்போனா இருக்கற இடம் குறையும். ஸ்டீல் பம்பர், வின்ச், 35 இஞ்ச் ஸ்டெப்னி எல்லாமே பேலோட்ல (வண்டி சுமக்கற எடையில) கழியும். டிரைவர் கதவு நிலையில மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்டிருக்கற எண்ல ஆளுங்க, சாமான், பால் மேல இறங்கற எடை எல்லாம் சேர்ந்து அடங்கணும்.

ஹரி, மாலை 6:23
1,900தானே அண்ணா, 2,000க்குள்ளதான இருக்கு?

முரளி, மாலை 6:30
மொத்த எடையில பிரச்சினை இல்லப்பா. பால்லதான் இடிக்கும். தண்ணி ஒரு காலன் 8.3 பவுண்டு. 20 காலன் டேங்க் ரொப்பினா 166. புரொப்பேன் சிலிண்டர் 20 பவுண்டு சைஸ், நிரப்பினா 37 வரும். பேட்டரி, கூலர், அடுப்பு, பாத்திரம்னு போட்டா 1,700 பக்கம் போயிடும். பால் மேல 10ல இருந்து 15 சதவீதம் இறங்கணும், அதாவது 170ல இருந்து 255. உன் வண்டிக்கு உச்சவரம்பு 200. ஆக 170க்கும் 200க்கும் நடுவுல உட்கார வைக்கணும், 30 பவுண்டுதான் உனக்கு இடம்.

செல்வி, மாலை 6:34
டியர்டிராப்ல சமையல்கட்டு பின்பக்கம் இருக்கும், அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. இரும்பு தோசைக்கல், அரிசி, தண்ணி கேன் எல்லாம் பின்னாடி அடுக்கினா முன்பக்கம் லேசாகிடும். 10 சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னா ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். கனமானதை ஆக்ஸில் மேல, இல்ல கொஞ்சம் முன்னாடி, தரையோட வை ஹரி. தண்ணி டேங்க் ஆக்ஸிலுக்கு முன்னாடியா பின்னாடியான்னு வாடகைக்காரங்களைக் கேளு. பின்னாடின்னா காலியா ஓட்டிட்டுப் போய் அங்க ரொப்பிக்கோ.

நிவேதா, மாலை 6:35
ஐயோ தோசைக்கல் வேணும் 😭

செல்வி, மாலை 6:36
முன்னாடி பெட்டியில வைம்மா 😄

ஹரி, மாலை 6:38
எவ்வளவு இறங்குதுன்னு எப்படிப் பாக்கறது?

முரளி, மாலை 6:44
பாத்ரூம் தராசு போதும். சமதளமான இடத்துல நிறுத்தி ரெண்டு சக்கரத்துக்கும் கட்டை வை. தராசு மேல ஒரு மரக்கட்டையை நிக்க வச்சு கப்ளரை (பால் மேல மாட்டற ட்ரெய்லர் மூக்கு) அது மேல இறக்கு. வண்டியில மாட்டினா எந்த உயரத்துல நிக்குமோ அதே உயரத்துல, ட்ரெய்லர் சமமா நிக்கணும். ட்ரெய்லர் மூக்கைத் தாங்கற ஜாக்கை முழுசா தூக்கிடு. சாமான் எல்லாம் ஏத்தின பிறகு பாரு, காலி ட்ரெய்லர்ல பாத்து பிரயோஜனமில்ல. மொத்த எடைக்கு ஹைவேல டிரக் ஸ்டாப்ல கேட் (CAT) ஸ்கேல்னு வண்டி எடை போடற மேடை இருக்கும்.

பிரகாஷ், மாலை 6:46
இந்த 200 பவுண்டுக்கு ஏன் இவ்வளவு பயம் அண்ணா? நாலு மூட்டை சிமென்ட் கூட வராது.

முரளி, மாலை 6:55
மூட்டை சீட்டுல உட்காரும். இது பின் ஆக்ஸிலுக்கு 4 அடி பின்னாடி தொங்குது. ரெண்டு கதவு ஜேஎல்லுக்கு வீல்பேஸ் 96.8 இஞ்ச், நாலு கதவுக்கு 118.4. கணக்குப் போடு: 200 × 48 ÷ 97 = 99. பின்னாடி 200 இறங்கினா முன்சக்கரத்துல இருந்து 100 பவுண்டு தூக்கிடும், பின் ஆக்ஸில் மேல 300 ஏறும். நாலு கதவுல முன்னாடி 81தான் போகும். பின்கதவு ஸ்டெப்னி ட்ரெய்லர்ல இடிக்குதுன்னு ஹரி வண்டியில 12 இஞ்ச் எக்ஸ்டென்ஷன் (ரிசீவரை நீட்டற துண்டு) போட்டா அந்த 100, 124 ஆயிடும். பெரும்பாலான எக்ஸ்டென்ஷன்ல ஹிட்ச்சோட தாங்குதிறனும் பாதியா குறையும்.

இதுல லிஃப்ட் வேற சேருது. லிஃப்ட் வச்சா கேஸ்டர் கோணம் (முன்சக்கரத்தை நேரா ஓட வைக்கற சாய்வு) குறைஞ்சு ஸ்டீயரிங் மிதக்கும். முன்சக்கரமும் லேசாச்சுன்னா பக்கத்துல ஒரு டிரக் தாண்டினாலே வண்டி அலையும். ட்ரெய்லர் இல்லாமலே 65ல ஸ்டீயரிங் அலையுதுன்னா முதல்ல அலைன்மென்ட்ல கேஸ்டர் பாக்கச் சொல்லு. கம்மியா இருந்தா அந்தக் கோணத்தைத் திரும்பக் கொண்டு வர்ற ஜியோமெட்ரி பிராக்கெட் போடு, இல்ல அட்ஜஸ்டபிள் லோயர் ஆர்ம். அதை முடிக்காம எதையும் மாட்டாதே.

ஹரி, மாலை 6:58
35 இஞ்ச் ஸ்டெப்னி ட்ரெய்லர் ஜாக் கைப்பிடியில இடிக்குமான்னு எனக்கும் யோசனையா இருந்துச்சு.

செல்வி, மாலை 7:01
மாட்டின பிறகு காலி பார்க்கிங் லாட்ல ரெண்டு பக்கமும் முழுசா வளைச்சுப் பாரு. கூட ஒருத்தர் வெளியில நின்னு பாக்கணும். இடிச்சா எக்ஸ்டென்ஷனுக்குப் போகாதே, மடக்கற ஜாக் மாத்தித் தருவாங்களான்னு கேளு. இல்லைன்னா இடிக்காத அளவுக்கு மட்டும் ஷாங்க் (ரிசீவருக்குள்ள போற தண்டு) நீளமா இருக்கற பால் மவுன்ட் (பாலைத் தாங்கற இரும்பு). ஒவ்வொரு இஞ்ச்சும் நெம்புகோல்ல சேரும். அப்புறம் மாட்டியிருக்கும்போது பின்கதவு திறக்காது, சாப்பாடு தண்ணியை முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க.

முரளி, மாலை 7:09
பால் மவுன்ட் இப்படி அளக்கணும். வண்டியும் ட்ரெய்லரும் சமதளத்துல நிக்கட்டும். ரிசீவர் ஓட்டையோட உள்பக்க மேல்விளிம்பு தரையில இருந்து எவ்வளவு உயரம்னு எடு. ட்ரெய்லரை ஸ்பிரிட் லெவல் வச்சு சமமாக்கிட்டு கப்ளர் அடிவிளிம்பு எவ்வளவுன்னு எடு. வித்தியாசத்துல ஒரு இஞ்ச் கழி, ஏன்னா எடை ஏறினதும் பின்பக்கம் இறங்கும். வர்றதுதான் டிராப், அதாவது பால் மவுன்ட் கீழ இறங்க வேண்டிய அளவு. அரை இஞ்ச் மூக்கு கீழ இருந்தா பரவாயில்ல, மேல தூக்கி நிக்கக் கூடாது. மூக்கு தூக்கினா எடை பின்னாடி சாயும், செல்வி சொன்ன வாலாட்டம் வரும்.

பாதுகாப்புச் சங்கிலி ரெண்டும் கப்ளருக்கு அடியில குறுக்கா போகணும். கழண்டு விழுந்தா தொட்டில் மாதிரி தாங்கும். கொக்கி ரிசீவர்ல இருக்கற வளையத்துல, பால் மவுன்ட்ல இல்ல. டிராப் அதிகமா இருந்தா சங்கிலி நீளம் பத்தாம திருப்பத்துல இழுத்துக்கும், தாங்கற எடை அடிச்சிருக்கற குவிக் லிங்க் (திருகு வளையம்) வாங்கி நீட்டிக்கோ.

நிவேதா, மாலை 7:12
ட்ரெய்லர் பிரேக்கை இயக்கற கன்ட்ரோலர் ஜீப்ல இல்லையே?

முரளி, மாலை 7:18
7 பின் சாக்கெட்ல சொருகற புளூடூத் கன்ட்ரோலர் கிடைக்கும், வயரிங் வேலை வேண்டாம். சட்டம் கேக்குதோ இல்லையோ, 35 இஞ்ச் டயர் போட்ட வண்டிக்கு ட்ரெய்லர் பிரேக் அவசியம். கனமான டயரை நிறுத்தவே உன் பிரேக் அதிகமா உழைக்குது. செட்டிங்: காலி ரோட்ல 25 மைல் வேகத்துல கன்ட்ரோலரோட கைவிசையை மட்டும் அழுத்து. ட்ரெய்லர் சக்கரம் லாக் ஆகற வரைக்கும் கெயினை (பிரேக் பலத்தை) ஏத்தி, அதுல இருந்து ஒரு படி இறக்கு.

பிரேக்அவே வயரை (ட்ரெய்லர் கழண்டா பின்னை உருவி அதோட பிரேக்கைப் பிடிக்க வைக்கறது) சங்கிலியோட கோர்க்காதே, வண்டியில தனியா மாட்டு. எடுக்கறதுக்கு முன்னாடி பின்னை உருவிட்டு வண்டியை மெதுவா நகர்த்து. ட்ரெய்லர் சக்கரம் இறுகணும். உருண்டா ட்ரெய்லர் பேட்டரி செத்திருக்கலாம், அந்த ட்ரெய்லரை எடுக்காதே. பின்னை உடனே திரும்பப் போட்டுடு.

பிரகாஷ், மாலை 7:20
போற வழியில ஐ-70 ஹைவே மலை ஏத்தத்துல 3.6 இன்ஜின் திணறுமே?

முரளி, மாலை 7:27
திணறும். ஐசன்ஹோவர் டனல் 11,000 அடிக்கு மேல. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அங்க 30 சதவீதம் கிட்ட சக்தி போயிடும். ஆக்ஸில் கியர் ரேஷியோ 3.45தான்னா (எண் குறைய இழுவை குறையும்), 35 டயரோட அது 3.15 மாதிரி நடக்கும். மேனுவல் மோட்ல வச்சு கீழ் கியர்ல 45ல ஏறு, வலது லேன்ல. ஹரி, ஸ்பீடோமீட்டரைப் புது டயருக்கு மாத்தலைன்னா அது 60 காட்டும்போது நீ 65க்கு மேல போறே. ட்ரெய்லர் டயர் நிறைய 65க்குத்தான் ரேட் பண்ணியிருக்கும். ஜிபிஎஸ் வேகத்தைப் பாரு.

டனல் தாண்டினதும் சில்வர்தோர்ன் வரைக்கும் 7 சதவீத இறக்கம். டனல்ல இருக்கும்போதே கியர் இறக்கிடு. பிரேக்கை அழுத்திட்டே போகாதே, அழுத்தி 10 மைல் குறைச்சு விட்டுடு. அப்புறம் வர்ற வெயில் பாஸ் (Vail மலைக்கணவாய்) இறக்கத்துலயும் இதேதான்.

செல்வி, மாலை 7:31
ட்ரெய்லர் ஆட ஆரம்பிச்சுதுன்னா: ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடு, ஸ்டீயரிங்கை நேரா பிடி, எதிர்ப்பக்கம் திருப்பாதே. வண்டி பிரேக்கைத் தொடாதே, ட்ரெய்லர் பிரேக் கைவிசையை மட்டும் அழுத்து. வேகத்தை ஏத்தினா சரியாகும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதே. ஸ்வேபாரைக் (வண்டி பக்கவாட்டுல சாயாம பிடிக்கற கம்பி) கழட்டி விடற வசதி ஜீப்ல இருந்தா, ரோட்ல அது மாட்டியே இருக்கணும்.

ரிவர்ஸ்ல சின்ன வண்டி, சின்ன ட்ரெய்லர் சட்டுனு மடங்கும். ஸ்டீயரிங்கோட அடியில கை வை, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. மடங்கற மாதிரி இருந்தா முன்னாடி போய் நேராக்கிட்டு மறுபடி வா.

ஹரி, மாலை 7:52
கேரேஜ்ல அளந்தேன். ரிசீவர் 24. கப்ளர் 17.5னு வாடகைக்காரர் சொன்னார்.

முரளி, மாலை 7:55
6.5ல ஒண்ணு போனா 5.5. அந்த சைஸ் கிடைக்கலைன்னா 6 இஞ்ச் டிராப் வாங்கு, மூக்கு அரை இஞ்ச் இறங்கும், சரிதான். பால் சைஸ் கப்ளர் மேல அடிச்சிருக்கும், 2 இஞ்ச்சா 1⅞ ஆன்னு ஃபோட்டோ அனுப்பச் சொல்லு. சனிக்கிழமை காலைல என் டிரைவ்வேக்குக் கொண்டு வா, தராசு, கட்டை ரெண்டும் இருக்கு. சாமான் ஏத்திட்டு வா. வீல் நட்டை எடுக்கும்போது ஒரு தடவை டார்க் ரென்ச்ல பாரு, 50 மைல் ஓடினதும் இன்னொரு தடவை.

நிவேதா, மாலை 7:57
தோசைக்கல்லோட சேத்துத்தான் எடை போடணும் அண்ணா 😄