மறு: கருனி இடம் மாறி ஏறுவதற்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம். லினக்ஸின் கருனி (கெர்னல், இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒவ்வொரு பூட்டிலும் நினைவகத்தில் வேறு இடத்தில் ஏறுகிறது, தாக்குபவர்கள் அதன் முகவரியை எளிதில் ஊகிக்காதிருக்க. கேஏஎஸ்எல்ஆர் எனப்படும் இந்த வசதிக்கு நீங்கள் முன்வைத்த சொல்:

> கருனி முகவரிவெளித் தளவமைப்புச் சமவாய்ப்பாக்கம்

பொருள் பிசகவில்லை. ஆனால் மெனுவில் போட்டால் பாதி திரைக்கு வெளியே போய்விடும். அப்புறம், 'சமவாய்ப்பு' பள்ளிக் கணக்கில் படித்த சொல்தான், இலங்கையில் 'எழுமாறு' என்பார்கள். பெயராக இரண்டும் நன்றாகவே நிற்கின்றன. 'கருனியைச் சமவாய்ப்பாக்கு' என்று வினையாக்கும்போதுதான் நொண்டுகின்றன.

எனக்கு அதைவிட உறுத்துவது, ஃபிசிக்கல் மெமரிக்கு எழுதும் 'இயற்பியல் நினைவகம்'. இயற்பியல் ஒரு பாடம். மதர்போர்டில் செருகியிருக்கும் ராமுக்கும் அதற்கும் என்ன உறவு? விர்ச்சுவல் மெமரியை, அதாவது நிரல்கள் பார்க்கும் முகவரிவெளியை, 'மெய்நிகர் நினைவகம்' என்று ஏற்கெனவே எழுதுகிறோம். மெய்க்கு நிகரானது அது என்றால், அந்த மெய் எது? மெய்நினைவகம், மெய்முகவரி என்றே வைத்துக்கொள்ளலாம். மெய்க்கு உடம்பு என்றும் பொருள் இருப்பது கூடுதல் வசதி.

இந்த வேறுபாடு வெறும் சொல்லழகு அல்ல. 2014இல் லினக்ஸ் 3.14இல் இந்த வசதி வந்தபோது மெய்முகவரியும் மெய்நிகர் முகவரியும் சேர்ந்தே நகர்ந்தன. 2016இல், 4.8 பதிப்பில், 64 பிட் எக்ஸ்86இல் (இன்டெல், ஏஎம்டி சிப்கள்) இரண்டையும் பிரித்துவிட்டார்கள். மெய்நிகர் பக்கம் 1 ஜிபி வெளிதான். 2 எம்பிக்கு ஓர் இடம் என்றால் 512 இடங்களுக்கு மேல் கிடைக்காது. மெய்ப்பக்கம் ராம் எவ்வளவோ அவ்வளவு: 8 ஜிபி இருந்தால் கிட்டத்தட்ட 4000.

சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால், ப்ராக் அடைவில் உள்ள ஐஓமெம் கோப்பில் (/proc/iomem) 'கெர்னல் கோட்' வரியைப் பாருங்கள். ரூட்டாக இருந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் சுழியம்தான் தெரியும். என் மடிக்கணினியில் ஒருமுறை 5 ஜிபியை ஒட்டி இருந்தது, ரீபூட் செய்ததும் 1 ஜிபிக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்த வசதியை அணைக்கும் நோகேஏஎஸ்எல்ஆர் என்ற பூட் அளவுருவைக் கொடுத்தால் பழைய 16 எம்பி இடத்திலேயே வந்து உட்காரும்.

இதைப் பார்த்தபோதுதான் 'குலுக்கல்' தோன்றியது. வீட்டு மனை ஒதுக்குகிறார்களே, அதே வேலை. இனிட்ராம்டிஸ்க் (பூட்டின்போது தேவைப்படும் தற்காலிகக் கோப்புத்தொகுப்பு), பூட் அளவுருக்கள் ஏற்கெனவே குடியிருக்கும் இடங்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் ஒரு சீட்டு எடுக்கிறது கருனி. ஆக, 'கருனி மெய்யிடக் குலுக்கல்'.

> குலுக்கினால் உள்ளே இருப்பதும் முன்பின்னாகுமே?

நல்ல கேள்வி. கருனி மொத்தமாகத்தான் நகர்கிறது, உள்ளே எதற்கும் எதற்கும் உள்ள தூரம் மாறாது. அதனால்தான் மெய்நிகர் பக்கத்தில் ஒரு முகவரி கசிந்தாலே மற்றதெல்லாம் தெரிந்துவிடுகிறது. உள்ளேயே முன்பின்னாக்குவது ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2017இல், 6.2 பதிப்பில் கொண்டுவந்த கார்ல்: துண்டுக்கோப்புகளை (ஆப்ஜெக்ட் ஃபைல்) வரிசை மாற்றிக் கருனியைப் புதிதாக இணைக்கிறது. அதைக் 'கலைத்துக்கோத்தல்' எனலாம். சீட்டுக்கட்டைக் கலைப்பது வேறு, சீட்டு குலுக்கிப் போடுவது வேறு.

ஒரே சங்கடம் சுருக்க வடிவம். 'இடக்குலுக்கல்' என்று எழுதிப் பார்த்தேன், 'இடக்கு' தான் முதலில் கண்ணில் படுகிறது. நடுவில் இடம் விட்டு எழுதலாமா, அல்லது யாரிடமாவது இதைவிட நல்ல சுருக்கம் இருக்கிறதா?